கடன் சங்கத்துப் பேரேட்டிலிருந்து கருவூலத்துக்கு: போரிஸ் மார்த்தோஸ் வாழ்ந்த ஊர்களில்

கீவ், 2019 செப்டம்பர், ஞாயிறு இரவு

1917ஆம் ஆண்டு ஜூன் மாதம் உக்ரைனின் முதல் அமைச்சரவை இந்த நகரத்தில் அமைந்தபோது, நிதிப் பொறுப்பை ஏற்றவர் பெருவணிகரும் அல்லர், பேரரசின் கருவூலத்தில் வளர்ந்த உயரதிகாரியும் அல்லர். கிராமத்துக் கடன் சங்கங்களின் கீவ் ஒன்றியத்தைக் கட்டி வளர்த்த கிறிஸ்தோஃபோர் பாரனோவ்ஸ்கிதான் அந்தப் பொறுப்புக்கு வந்தார். சில மாதங்களில் அவருக்குப் பின் வந்த மிகைலோ துகான்-பாரனோவ்ஸ்கி, கூட்டுறவின் சமூக அடிப்படைகளைப் பற்றி ஒரு பெருநூல் எழுதிய பொருளியல் பேராசிரியர். 1919இல் அதே பொறுப்பைப் பிரதமர் பதவியோடு சேர்த்துச் சுமந்த போரிஸ் மார்த்தோஸ், ஊர் ஊராகச் சென்று சங்கங்களை அமைத்தவர், அவற்றின் கணக்கைத் தணிக்கை செய்தவர். புதிதாகப் பிறந்த ஒரு நாட்டின் கருவூலச் சாவி திரும்பத் திரும்பக் கூட்டுறவுக்காரர்களின் கைக்கே போனதற்கு வலுவான காரணம் இருந்திருக்க வேண்டும். அதை அறியத்தான் இந்தப் பயணம். மூவரில் மார்த்தோஸைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், அவர் 98 வயது வரை வாழ்ந்து, தொடக்கத்தையும் வீழ்ச்சியையும் நாடு கடந்த வாழ்வையும் ஒருசேரக் கண்டவர் என்பதே. அவருடைய அரசு ஆட்சியில் இருந்த காலத்துக்கு நூறு ஆண்டுகள் இந்த ஆண்டுதான் நிறைகின்றன.

காலையில் வொலொதிமிர்ஸ்கா தெருவின் 57ஆம் எண் கட்டடத்துக்குச் சென்றேன். கட்டடக் கலைஞர் பாவ்லோ அல்யோஷின் வடிவமைத்து 1911இல் கல்வி அருங்காட்சியகமாகக் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கட்டடத்தில்தான் மத்திய ராடா என்ற உக்ரைன் மன்றம் 1917இலும் 1918இன் தொடக்கத்திலும் கூடியது. இன்று இதனை ஆசிரியர் இல்லம் என்று அழைக்கிறார்கள். கண்ணாடிக் குவிமாடத்தின் கீழ் உள்ள வட்ட அரங்கு நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. மேலிருந்து இறங்கும் வெளிச்சம் எல்லா இருக்கைகளிலும் ஒரே அளவில் விழுகிறது. மன்றத்தின் தலைவராக வரலாற்றறிஞர் மிகைலோ ஹ்ருஷெவ்ஸ்கி இருந்தார்; அமைச்சரவைக்கு நிகரான தலைமைச் செயலகத்தை எழுத்தாளர் வொலொதிமிர் வின்னிசென்கோ நடத்தினார்; இராணுவ விவகாரங்களுக்கு சிமோன் பெத்லியூரா, நிதிக்கு பாரனோவ்ஸ்கி, நிலத்துக்கு மார்த்தோஸ். அப்போது அவர்கள் கேட்டது தனிநாடு அன்று, ரஷ்யாவுக்குள் தன்னாட்சி. மார்த்தோஸுக்கு அப்போது வயது 38. உழுபவர்கள் பெருநிலக்கிழார்களின் நிலத்தை இன்றே கேட்டுக்கொண்டிருக்க, அதனைப் பங்கிடச் சட்டமோ அளவையாளரோ பணமோ இல்லாத ஒரு துறையை அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

மாலையில் இன்ஸ்தித்தூத்ஸ்கா தெருவில் உள்ள தேசிய வங்கிக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தேன். 1905இல் ரஷ்ய அரசு வங்கியின் கீவ் அலுவலகமாக எழுந்த கட்டடம் இது. மேல் இரண்டு தளங்கள் 1934இல் சேர்க்கப்பட்டவை. கல் முகப்பில் வெனிஸ் மாளிகைகளின் சாயல் இருக்கிறது. 1917இன் இறுதியில் ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதிலிருந்து கீவுக்கு வர வேண்டிய ரொக்கம் வராமல் போயிற்று. ஊழியருக்குச் சம்பளமும் ஆலைகளுக்குக் கூலியும் கொடுக்க நோட்டு இல்லை. ரொக்கத்தைத் தடுத்துவிட்டாலே ஒரு நாட்டை முடக்கிவிடலாம் என்பதை அந்த டிசம்பர் காட்டியது. மத்திய ராடா இந்த அலுவலகத்தையே உக்ரைன் அரசு வங்கியாக அறிவித்துத் தன் சொந்த நோட்டை அச்சடிக்க முடிவு செய்தது.

அந்த நோட்டு, ஓவியர் ஹெயோர்ஹி நார்புத் வரைந்த 100 கார்பவானெத்ஸ், பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. விலை என் கைக்கு எட்டவில்லை. ஆனால் அவர் அதனை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மடிப்புகளில் தாள் பஞ்சுபோல் நைந்திருந்தது. உக்ரைன் மொழியில் உள்ள மதிப்பு ரஷ்யன், போலிஷ், யூதர்கள் பேசிய யித்திஷ் ஆகிய மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. நாட்டில் வாழும் மற்ற மக்களின் மொழிகளுக்குப் பணத்தில் இடம் தர வேண்டும் என்று பிறந்த வேகத்திலேயே நினைத்த அரசை நான் மதிக்கிறேன். இன்றைய உக்ரைனின் அரசுச் சின்னமான திரிசூலமும் அதில் இருக்கிறது. ஒரு கார்பவானெத்ஸில் எவ்வளவு தங்கம் என்ற கணக்கும் அச்சாகியிருக்கிறது. அந்தத் தங்கம் கையில் இல்லாத நிலையில் நோட்டுக்கு ஈடாகக் காட்டப்பட்டவை காடுகளும் கனிமங்களும் ரயில் பாதைகளும் சர்க்கரை ஏகபோகத்தின் வருமானமும். அறுவடையை நம்பிக் கடன் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிய முறையாகத் தோன்றியிருக்காது.

பொல்தாவா, செவ்வாய்

கீவிலிருந்து கிழக்கே வரும் ரயில் லூப்னி என்ற சிறு நகரத்தைக் கடக்கிறது. மார்த்தோஸ் பள்ளிப் படிப்பை முடித்தது அங்கேதான். பிறகு கார்கிவ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். ஜார் எதிர்ப்பு அரசியலில் இறங்கியதால் கைதுகள் குறுக்கிட்டு, 1897இல் தொடங்கிய படிப்பு 1908 வரை நீண்டது. கணிதம் படித்தவருக்கு ஆசிரியர் வேலையோ அலுவலக வேலையோ கிடைத்திருக்கும். அவர் வோலின் மாகாணத்தில் கூட்டுறவுப் பயிற்றுநராகச் சேர்ந்தார். இடையில் கருங்கடல்–குபான் ரயில்வேயின் நிதிப் பொறுப்பில் சிறிது காலம் இருந்தார். 1913இல் பொல்தாவாவுக்கு வந்து மாகாண உள்ளாட்சி மன்றமான ஸெம்ஸ்த்வோவின் கூட்டுறவு ஆய்வாளரானார்.

அந்த ஸெம்ஸ்த்வோவின் கட்டடம் இன்று வட்டார அருங்காட்சியகமாக இருக்கிறது. இதனை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். வசில் கிரிசெவ்ஸ்கியின் வடிவமைப்பில் 1903 முதல் 1908 வரை எழுந்த கட்டடம் இது. அந்தக் கால அரசுக் கட்டடங்கள் எல்லாம் ரோமையும் பாரிஸையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் குடியானவர் வீட்டையும் மரக் கோயிலையும் பார்த்தார். கதவும் சன்னலும் நேர்ச்சதுரமாக இல்லாமல் மேல் இரு மூலைகளும் சாய்வாக வெட்டப்பட்டு அறுகோணமாக இருக்கின்றன. ஊர்ப்புறத் தச்சர் மரத்தில் செய்த வடிவத்தை இவர் செங்கல்லில் செய்திருக்கிறார். சுவரில் மாகாணத்தின் வட்டங்களுக்குரிய சின்னங்கள் மெருகூட்டிய ஓடுகளில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை அருகில் நின்று பார்த்தேன். பச்சை மெருகின் மேல் நூலிழை போன்ற வெடிப்புகள் ஓடுகின்றன. ஓரத்தில் ஓர் ஓடு மட்டும் நிறம் சற்று மாறியிருக்கிறது, பிற்காலத்தில் சேர்த்ததாக இருக்கலாம். 1943இல் போரில் கட்டடம் எரிந்து, பின்னர் மீட்டெடுக்கப்பட்டது.

இந்த வாசலில் நுழைந்து வேலைக்குப் போன மனிதரின் அன்றாடம் என்ன என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்தே தொடங்குகிறது. ஜெர்மனியில் ரைஃபைசன் உருவாக்கிய முறையை ஒட்டி இங்கும் கிராமக் கடன் சங்கங்கள் வளர்ந்தன. 1904இல் ரஷ்யப் பேரரசு வெளியிட்ட சிறுகடன் விதிகள் அவற்றின் சட்ட அடிப்படை. சங்கத்தின் எல்லை சில ஊர்கள்தான். கடன் கேட்பவருக்கு எத்தனை மாடு, எத்தனை வாய், குடிப்பாரா, சென்ற ஆண்டுக் கடனை எந்த மாதம் கட்டினார் என்பதெல்லாம் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். அடமானமாக வைக்க ஒன்றுமில்லாதவருக்கு அந்த அறிவே அடமானம். தனியார் வட்டிக்காரரிடம் விதைப்புக் காலத்தில் வாங்கிய கடனுக்கு அறுவடையில் பாதியைக் கொடுத்துப் பழகிய குடும்பத்துக்கு, மிதமான வட்டியில் கலப்பையோ குதிரையோ வாங்கக் கிடைத்த கடன் வாழ்க்கையையே மாற்றியது.

பயிற்றுநர் வண்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போவார். சங்கத்தின் விதிமுறைகளை எழுத்தறியாதவர்களுக்கும் படித்துக் காட்டுவார். தலைவர் தேர்தல் ஒரு குடும்பத்தின் கைக்குள் போகாமல் பார்ப்பார். பேரேட்டை விரித்து வரவையும் செலவையும் நேர்ப்பார்த்து, பெட்டியில் இருக்கும் ரொக்கத்தை எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுவார். கணக்கு இடித்தால் உறுப்பினர் கூட்டத்திலேயே அதைச் சொல்வார். இந்தக் கடைசிச் செயலைத்தான் நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். ஜார் ஆட்சியில் ஒரு குடியானவர் தன் ஊர்த் தலைவரைப் பார்த்து “பணம் எங்கே?” என்று சட்டப்படிக் கேட்கக் கூடிய இடங்கள் மிகக் குறைவு, சங்கக் கூட்டம் அவற்றில் ஒன்று. உக்ரைன் மொழியில் நூல் அச்சிடவும் பள்ளி நடத்தவும் கட்டுப்பாடுகள் நிறைந்த அந்நாட்டில், அந்த மொழியில் வாதாடி, வாக்களித்து, முடிவெடுத்துப் பழகும் களமாகவும் அது இருந்தது. 1917இல் அரசு அமைக்க ஆள் தேவைப்பட்டபோது, நிர்வாகம் தெரிந்த உக்ரைனியர்களில் பெரும் பகுதியினர் இந்தச் சங்கங்களில்தான் இருந்தார்கள். முதல் நாள் எழுப்பிய கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது.

ஹ்ரதீஸ்க், வியாழன்

கிரெமென்சூக் நகரத்திலிருந்து சிற்றுந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஹ்ரதீஸ்க் வந்துவிடுகிறது. 1879ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் மார்த்தோஸ் பிறந்த ஊர் இது. அவர் அறிந்த ஊரின் தாழ்வான பகுதி இன்று இல்லை. கிரெமென்சூக் அணை 1959 முதல் 1961 வரை நிரப்பப்பட்டபோது நீப்பர் ஆறு கடல்போல் விரிந்து பல ஊர்களை விழுங்கியது. மறுகரை கண்ணுக்குத் தெரியவில்லை. ஊருக்கு அருகில் பிவிகா என்ற குன்று மட்டும் சமவெளியில் தனித்து எழுந்து நிற்கிறது. அதன் ஆற்றுப்புறச் சரிவை அலைகள் அரித்துக்கொண்டே இருப்பதால் மண்ணடுக்குகள் வெளிறிய பட்டைகளாகத் தெரிகின்றன.

சிற்றுந்து நிலையத்தில் ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், என்னுடன் வந்த பொல்தாவா மாணவர் மார்த்தோஸைப் பற்றிக் கேட்டார். “பாட்டி, இந்த ஊரில் பிறந்த மார்த்தோஸ் என்ற அமைச்சரைத் தெரியுமா?” பாட்டி சற்று யோசித்து, “அமைச்சர்களை எனக்குத் தெரியாது தம்பி, என் அம்மா பிறந்த ஊரைக் கேள், சொல்கிறேன், அது அதோ, தண்ணீருக்கு அடியில் இருக்கிறது” என்று கையை நீட்டினார். எழுபது ஆண்டுக் காலம் சொல்லக் கூடாத பெயராக இருந்த ஒருவரை இந்தப் பாட்டிக்குத் தெரியாதது அவர் குற்றம் அன்று. சோவியத் பாடநூல்களில் அந்த அமைச்சரவை எதிரிகளின் கூட்டமாகவே எழுதப்பட்டிருந்தது.

இந்த ஊரில் இன்னொன்றையும் எழுதாமல் போக முடியாது. பொல்தாவா நிலம் 1932–33 பஞ்சத்தில் மிகக் கடுமையாகச் செத்த நிலங்களில் ஒன்று. அதற்கு முன்பே கூட்டுறவு கொல்லப்பட்டிருந்தது. 1920இன் தொடக்கத்தில் வந்த சோவியத் ஆணைகள் கடன் சங்கம், நுகர்வோர் சங்கம், உற்பத்திச் சங்கம் எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குள் தள்ளி அரசின் கீழ் வைத்தன. பின்னர் சிறிது காலம் கிடைத்த மூச்சும் 1929க்குப் பின் கட்டாயக் கூட்டுப் பண்ணைகளால் அடங்கிற்று. சேரவும் விலகவும் உரிமை, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கணக்குக் கேட்கும் உரிமை ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது கூட்டுறவு. மூன்றையும் பறித்துவிட்டு, மாட்டையும் நிலத்தையும் தானியத்தையும் ஒன்றாகக் குவித்ததைக் கூட்டுறவின் வளர்ச்சி என்று சொன்னவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை எதிர்க்க இந்த ஒரு மாவட்டத்தின் வரலாறே போதும். தன் களஞ்சியத்துக்குத் தானே சாவி வைத்திருந்த சங்கம் ஒவ்வோர் ஊரிலும் இருந்திருந்தால் மக்களின் தானியத்தை அரசு அவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டு போயிருக்க முடியாது.

கமியானெத்ஸ்-பொதில்ஸ்கி, சனி

கீவ் வழியாக இரவு ரயிலில் வந்து சேர்ந்தேன். ஸ்மோத்ரிச் ஆறு பள்ளத்தாக்கை வெட்டி ஏறத்தாழ முழுவட்டமாக வளைய, அந்த வளையத்துக்குள் பழைய நகரம் பாறைத் தீவாக நிற்கிறது; ஒடுங்கிய தரைப்பாலம் ஒன்று அதனைக் கோட்டையோடு இணைக்கிறது. வருபவர்கள் எல்லாரும் கோட்டையைப் பார்க்கிறார்கள். நான் 1919ஐப் பார்க்க வந்தேன்.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1918 ஏப்ரலில் ஜெர்மன் படைகளின் துணையோடு ஹெத்மன் என்ற பழைய கோசாக் தலைவர் பட்டத்தோடு ஸ்கோரோபாத்ஸ்கி ஆட்சியைப் பிடித்தார். மத்திய ராடா கலைந்தது. மார்த்தோஸ் அரசியலை விட்டு விலகாமல் கூட்டுறவுக்குத் திரும்பினார். நுகர்வோர் சங்கங்களின் பேரொன்றியமான த்னிப்ரோசொயூஸின் பொறுப்பில் அவர் இருந்தார். சர்க்கரையும் உப்பும் துணியும் கிராமங்களுக்குக் கொண்டுபோன அந்த ஒன்றியம் நூல்களையும் வெளியிட்டது. அதன் பெயரில் 1920இல் கிரிலோ ஸ்தெத்சென்கோ நடத்திச் சென்ற பாடகர் குழு ஊர் ஊராகப் பாடியது. ஆட்சிகள் மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நாட்டில் மாறாமல் வேலை செய்தவை இந்தச் சங்கங்களே. 1918 டிசம்பரில் டைரக்டரி என்ற ஐவர் குழு ஹெத்மனை வீழ்த்தியது. அடுத்த பிப்ரவரியிலேயே போல்ஷெவிக்குகளின் செம்படை கீவைப் பிடிக்க, அரசு மேற்கு நோக்கி ஓடத் தொடங்கியது. துகான்-பாரனோவ்ஸ்கி 1919 ஜனவரியில் பாரிஸ் செல்லப் புறப்பட்டு, ஒடேசா போகும் வழியில் ரயிலிலேயே இறந்துபோயிருந்தார்.

1919 ஏப்ரல் 9ஆம் நாள் ரிவ்னே நகரத்தில் மார்த்தோஸ் பிரதமரானார், நிதியையும் தானே வைத்துக்கொண்டார். கிழக்கே செம்படை, மேற்கே போலந்துப் படை, தெற்கே போல்ஷெவிக்குகளை எதிர்த்த ரஷ்யத் தளபதி டெனிகினின் வெள்ளைப்படை வளர்ந்துகொண்டிருந்தது. நேச நாடுகள் உக்ரைனைத் தனிநாடாக ஏற்கவில்லை. “பெட்டிக்குள் டைரக்டரி, பெட்டிக்கு அடியில் நாடு” என்று ரயில்பெட்டியில் அலைந்த அரசைப் பற்றி மக்கள் அப்போது எதுகையோடு பாடினார்கள். பதவியேற்ற மாதமே, ஏப்ரல் 29ஆம் நாள், தளபதி வொலொதிமிர் ஒஸ்கில்கோ ரிவ்னேயில் கலகம் செய்து அமைச்சர்களைக் கைதுசெய்தார். பெத்லியூராவுக்கு விசுவாசமான படைகள் கலகத்தை முறியடித்தன. ஆனால் அதற்குள் போர்முனையில் ஏற்பட்ட குழப்பத்தில் மேலும் நிலம் போயிற்று.

ஜூன் தொடக்கத்தில் இந்த நகரம் மீட்கப்பட்டதும் அமைச்சரவை இங்கு குடியேறியது. பழைய நகரத்தின் சந்துகளில் நடந்துகொண்டே, ஒரு நிதியமைச்சர் இங்கு என்ன செய்திருக்க முடியும் என்று எண்ணிப் பார்த்தேன். வரி வசூலிக்க மாவட்டங்கள் இல்லை. இருந்த மாவட்டங்கள் வாரத்துக்கு வாரம் கைமாறின. சுங்கத்துக்குத் துறைமுகம் இல்லை. படைவீரருக்குச் சம்பளமும் காலணியும் வேண்டும், காயம்பட்டவருக்கு மருந்து வேண்டும், ஆசிரியருக்கும் ரயில்வே தொழிலாளருக்கும் கூலி வேண்டும். எஞ்சிய ஒரே வழி அச்சகம். நோட்டு அச்சடிக்கும் பணி இந்த ஊரிலும் நடந்தது. ஆனால் அச்சகங்களும் கைமாறிக்கொண்டிருந்தன. ஒடேசாவில் இருந்த அச்சகம் அரசின் கையை விட்டுப் போன பிறகும் அங்கு 50 கார்பவானெத்ஸ் நோட்டு தொடர்ந்து அச்சாகியது; தன் நாட்டின் பெயர் பொறித்த நோட்டையே, குறிப்பிட்ட வரிசை எண்ணுக்கு மேல் செல்லாது என்று அரசு மறுக்க வேண்டி வந்தது. இதற்கிடையே ஜார் காலத்து ரூபிள், 1917இல் ரஷ்யாவை ஆண்ட கெரென்ஸ்கி அரசின் நோட்டு, ஹெத்மன் காலத்தில் பெர்லினில் அச்சாகி வந்த ஹ்ரிவ்னியா, ஆஸ்திரியக் குரோன் எல்லாம் ஒரே சந்தையில் புழங்கின. முட்டை விற்கும் பெண் எந்தத் தாளை வாங்குவார் என்பதே அன்றைய செலாவணி விகிதம்.

ஜூலை நடுவில், மேற்கே லிவிவைச் சூழ்ந்த கலீசியாவில் தனி அரசு நடத்திப் போலந்திடம் தோற்ற உக்ரைனியர் படை ஸ்ப்ருச் ஆற்றைக் கடந்து வந்தது. அந்த அரசின் தலைவர் யெவ்ஹேன் பெத்ருஷெவிச்சும் தம் அலுவலகத்தோடு இந்த நகரத்துக்கே வந்தார். இவ்வளவு சிறிய பாறைத் தீவில் இரண்டு உக்ரைன் அரசுகள்! படைக்கு ஊட்டம் கிடைத்தது, கருவூலத்துக்குச் சுமை கூடியது, அரசியலில் பிளவு வந்தது. சமூக ஜனநாயகவாதியான மார்த்தோஸின் அமைச்சரவை இடதுசாரித்தனம் மிகுந்தது என்று கலீசியர் கருதினர். அவர் கட்சிக்காரர்களிலேயே சிலர் போல்ஷெவிக்குகளோடு சமரசம் செய்திருக்க வேண்டும் என்று எதிர்ப்பக்கமிருந்து குறை கூறினர். ஆகஸ்ட் 27ஆம் நாள் அவர் பிரதமர் பதவியை விட, ஐசக் மசேபா அதனை ஏற்றார். நிதித்துறை மார்த்தோஸிடமே நீடித்தது. அடுத்த சில நாட்களில் உக்ரைன் படைகள் கீவுக்குள் நுழைந்து, மறுநாளே வெள்ளைப்படையிடம் அதை விட்டு வெளியேறின. இலையுதிர்காலத்தில் டைபஸ் காய்ச்சல் குண்டுகளைவிட அதிகமானோரைக் கொண்டுபோனது. நவம்பரில் போலந்துப் படை இந்த நகரத்துக்குள் வந்தது.

அவருடைய ஆட்சியை வெற்றி என்று யாரும் எழுத முடியாது, நானும் எழுதவில்லை. அவருக்குப் போர்க்கால நிதிக்கு வேண்டிய கடுமை போதவில்லை என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கலாம். ஊர்ச் சங்கத்தில் உறுப்பினர் ஒருவரை ஒருவர் அறிவர். பல இலட்சம் பேர் முகமறியாமல் புழங்கும் நோட்டுக்கு அந்த அறிவு ஈடாகாது. ஆனால் அந்த நெருக்கடியிலும் ஒன்று மாறவில்லை: நோட்டை அச்சடித்தவர் அதை எழுதி வைக்காமல் விடவில்லை. எத்தனை, எந்த வரிசை, யார் கையெழுத்து, எந்த ஊர் அச்சகம் என்பவற்றைப் பதிவுசெய்யும் பழக்கம் ரயில்பெட்டியிலும் தொடர்ந்தது. இதை மார்த்தோஸின் பிற்கால உழைப்பு எனக்கு உறுதிப்படுத்துகிறது. அதைப் பொதேப்ராடியில் எழுதுகிறேன்.

மாலையில் இந்நகரப் பல்கலைக்கழகத்தின் அருகே நடந்தேன். 1918 அக்டோபரில், அவ்வளவு குழப்பத்தின் நடுவிலும், இவான் ஒஹியென்கோவைத் தலைமைப் பொறுப்பில் வைத்து இங்கு உக்ரைன் பல்கலைக்கழகத்தைத் திறந்தார்கள். மாணவர்கள் மிதிவண்டியில் வெளியே வந்துகொண்டிருந்தனர்.

லிவிவ், திங்கள்

இங்கு ஒரு பகல் மட்டும். மார்த்தோஸுக்கு நேர்த் தொடர்பில்லாத நகரம் என்றாலும், அவர் நம்பிய இயக்கம் தோல்வியடையாத இடம் எது என்று காட்ட இதை விட்டால் வேறில்லை. ருஸ்கா தெருவில் த்னிஸ்தெர் காப்பீட்டுச் சங்கத்துக்காக இவான் லெவின்ஸ்கியின் நிறுவனம் கட்டிய கட்டடத்தில் மெருகோட்டு அலங்காரங்கள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. 1892இல் தொடங்கிய அந்தச் சங்கம் குடியானவர் கூரைகளைத் தீக்கு எதிராகக் காப்பீடு செய்தது. ஸ்திரிய் அருகே சிறு பால் சங்கமாகப் பிறந்த மஸ்லோசொயூஸ், போலந்து ஆட்சியின் கீழ் வெண்ணெயை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. தனி அரசு இல்லாத மக்கள் தம் பணத்தையும் பாலையும் தாமே நிர்வகித்தார்கள். 1939இல் சோவியத் படை வந்ததும் அதுவும் முடிந்தது.

பொதேப்ராடி, புதன்

பிராகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இதயநோயாளிகள் கனிமநீர் அருந்த வரும் குளியல் நகரம் இது. பூங்காவில் பெரியவர்கள் மூக்குள்ள பீங்கான் கோப்பையோடு நடக்கிறார்கள். சதுக்கத்தில் செக் அரசர் யிர்ஜியின் குதிரைச் சிலை, அதன் பின்னால் எல்பே ஆற்றங்கரையில் கோட்டை. 1922 முதல் 1935 வரை உக்ரைன் வேளாண்மைக் கழகத்துக்கு இந்தக் கோட்டையில் இடம் கிடைத்தது. தாமஸ் மசாரிக்கின் செக்கோஸ்லோவாகிய அரசு இடமும் உதவித்தொகையும் தந்தது. தோற்றுப்போன படையின் இளைஞர்கள் போலந்து முகாம்களிலிருந்து வந்து மாணவர்களானார்கள். கவிஞர் யெவ்ஹேன் மலன்யூக் இங்கு பொறியியல் படித்தார். கழகத்தின் மூன்று துறைகள்: வேளாண்மையும் வனமும், பொறியியல், பொருளியலும் கூட்டுறவும். மூன்றாவதில் பேராசிரியராக இருந்தவர் மார்த்தோஸ்.

கோட்டை முற்றத்தின் உருளைக்கல் தரையில் நின்று மேலே பார்த்தால் சன்னல்கள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் இருக்கின்றன. வெவ்வேறு நூற்றாண்டுகளில் திறந்தவை. அவற்றில் ஏதோ ஒன்றின் பின்னால், திரும்பிப் போக நாடில்லாத மாணவர்களுக்கு அவர் கூட்டுறவுக் கோட்பாட்டை நடத்தினார், அதற்குப் பாடநூலும் எழுதினார். நாற்பதைக் கடந்த முன்னாள் பிரதமர், தம் முப்பதுகளில் வண்டியில் சென்று சொன்னவற்றைக் கரும்பலகையில் எழுதியிருப்பார்: பங்குத்தொகை, கையிருப்பு நிதி, தணிக்கைக் குழு, ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு. இங்கு படித்தவர்களில் பலர் கலீசியாவுக்குச் சென்று அங்கிருந்த சங்கங்களில் வேலை செய்தார்கள். அதனால்தான் லிவிவ் நகரத்தை இந்தப் பயணத்தில் சேர்த்தேன்.

செக் அரசின் உதவி குறைந்தபோது, அஞ்சல் வழியில் கற்பிக்கும் தொழில்நுட்ப வேளாண்மை நிறுவனம் 1932இல் தொடங்கப்பட்டுக் கழகத்தின் வாரிசாயிற்று. பாடங்கள் உறைகளில் பல நாடுகளுக்குப் போயின. போருக்குப் பின் மார்த்தோஸ் மியூனிக்கில் அகதிகளுக்கான உக்ரைன் உயர் பொருளியல் பள்ளியை நடத்தினார். முகாமில் தங்கியிருப்போருக்கு வணிகமும் கணக்கும் கற்றுக்கொடுத்த பள்ளி அது. பிறகு அமெரிக்கா சென்று, 1977 செப்டம்பர் 19ஆம் நாள் நியூ ஜெர்சியில் இறந்தார். முதல் நிதிப் பொறுப்பாளர் பாரனோவ்ஸ்கியோ அதற்கு வெகு முன்பே, 1941இல், பிரேசிலில் இறந்திருந்தார்.

கமியானெத்ஸில் சொன்ன உழைப்பு இதுதான். தம் தொண்ணூறுகளில் மார்த்தோஸ், யாகிவ் சோசூல்யாவோடு சேர்ந்து, 1917 முதல் 1920 வரையிலான உக்ரைன் அரசின் பணத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1972இல் மியூனிக்கில் அது அச்சாயிற்று. பதவி போனவர்கள் பொதுவாகத் தன்னிலை விளக்கமும் எதிரிகள் மேல் குற்றச்சாட்டும் எழுதுகிறார்கள். இவர் எந்த நோட்டு எந்தச் சட்டத்தின்படி வெளியானது, எங்கே அச்சானது என்று வரிசைப்படுத்தினார். அரை நூற்றாண்டுக்கு முன் கலைந்துபோன ஒரு சங்கத்தின் உறுப்பினர்களுக்கு அதன் செயலாளர் ஒப்படைத்த கணக்காகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். 1996இல் உக்ரைன் தன் பணத்துக்கு மீண்டும் ஹ்ரிவ்னியா என்று பெயர் வைத்தபோது அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

நாளை பிராகாவுக்குத் திரும்பி, கிளெமென்தினத்தில் உள்ள ஸ்லாவ் நூலகத்தில் பொதேப்ராடிக் கழகத்தின் பாடநூல்களைக் கேட்கப் போகிறேன். முதல் விண்ணப்பம் மார்த்தோஸின் கூட்டுறவுப் பாடநூலுக்கு. அடுத்தது தணிக்கை பற்றி ஏதாவது இருந்தால் அதற்கு.